மேஜைமேல் ஒரு மகாயுத்தம்

ஓர் அங்குலச் சிப்பாய்களும் அவர்களை நடத்தும் தளபதிகளும்

மழை விட்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூர். அங்கே ஒரு பொதுக்கூடம். உள்ளே நுழைந்து பாருங்கள். நாலு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேல் பச்சைத் துணி விரித்திருக்கிறார்கள். துணிக்கு அடியில் அட்டைகளைச் செருகியிருப்பதால் ஒரு நீண்ட மேடு எழுந்திருக்கிறது. மேட்டின் சரிவில் ஒரு பண்ணை வீடு. இன்னொரு புறம் தோப்பும் மதில்சுவரும் சூழ்ந்த ஒரு மாளிகை. மேட்டின்மேல் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். எதிரே நீலச் சட்டைச் சிப்பாய்கள். நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிற்கிறார்கள். ஒவ்வொருவனும் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிக உயரம்!

மேஜையைச் சுற்றி ஆறு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற உபாத்தியாயர். ஒருவர் மின்சார வேலை செய்கிறவர். ஒருவன் கல்லூரி மாணவன். யாரும் கூச்சலிடவில்லை. ஒருவர் அளவு நாடாவை நீட்டி அங்குலம் பார்க்கிறார். இன்னொருவர் பகடை உருட்டுகிறார். "போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார் உபாத்தியாயர். அவருடைய பிரெஞ்சுக் குதிரைப்படை சிதறிவிட்டது.

1815-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தக் கூடத்திலோ அது இன்னும் முடிவாகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிடும்.

"வயது வந்தவர்கள் பொம்மை வைத்துக்கொண்டு விளையாடுவதா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன்னால் இந்த விளையாட்டின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். இதை ஆடியவர்களில் அரசர்கள் உண்டு, சேனாதிபதிகள் உண்டு, உலகம் புகழ்ந்த எழுத்தாளர்கள் உண்டு. இதை நேர்மையாக ஆடியதனால் பிழைத்த கப்பல்கள் உண்டு. இதில் பொய்யாட்டம் ஆடிவிட்டுப் பிறகு கடலில் மூழ்கிய கப்பல்களும் உண்டு!

வர்ணம் தீட்டும் படலம்

விளையாட்டு மேஜையில் ஆரம்பமாகிறது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குப் பல மாதங்களுக்கு முன்னாலேயே, வீட்டின் ஒரு மூலையில், மேஜை விளக்கின் வெளிச்சத்தில் ஆரம்பமாகிவிடுகிறது.

கடையில் வாங்கும்போது சிப்பாய்க்கு உயிர்க்களை கிடையாது. வெள்ளீயக் கலவையில் வார்த்தவனாக இருந்தால் வெறும் உலோக நிறம். பிளாஸ்டிக்கில் செய்தவனாக இருந்தால் கை வேறு, தலை வேறு, துப்பாக்கி வேறு என்று ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருப்பான். வெட்டி எடுத்து, பிசிறு சீவி, பசை போட்டுச் சேர்க்க வேண்டும். அடுத்தது அடிப்பூச்சு. அது இல்லாவிட்டால் வர்ணம் பிடிக்காது. விரல் பட்டாலே உரிந்து வந்துவிடும். அடிப்பூச்சு காய்ந்ததும் சட்டைக்குச் சிவப்பு, கால்சட்டைக்குச் சாம்பல், தோளில் தொங்கும் வார்களுக்கு வெள்ளை என்று ஒவ்வொன்றாகத் தீட்டுகிறார்கள்.

இனிமேல்தான் தந்திரம் இருக்கிறது. தண்ணீராகக் கரைத்த காப்பிப்பொடி நிற வர்ணத்தைச் சிப்பாயின்மேல் ஓடவிடுகிறார்கள். அது சட்டை மடிப்பிலும் விரல் இடுக்கிலும் போய்த் தங்கி நிழல் கொடுக்கிறது. அது காய்ந்தபின் மூக்கு நுனி, தோள், முழங்கை போன்ற மேடான இடங்களில் வெளிர் நிறத்தை ஒரு தொடு தொட்டால் போதும், ஈயக்கட்டி மனிதனாகிவிடுகிறது! கடைசியில் காலடித் தகட்டில் பசை தடவி மணல் தூவி, புல் போன்ற துகள் ஒட்டி, வார்னிஷ் பூசிவிட்டால் சிப்பாய் சண்டைக்குத் தயார். இவ்வளவு நுட்பமான வேலைக்குத் தூரிகையும் நுட்பமாக இருக்க வேண்டுமல்லவா? கோலின்ஸ்கி என்ற, கீரியைப் போன்ற சைபீரியப் பிராணியின் வால்மயிரில் செய்த தூரிகைதான் இவர்களுக்கு உசத்தி.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சிப்பாய்க்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு சிப்பாய் என்றால் 300 மணி. வேலை முடிந்து வந்து தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 150 இரவுகள். அதாவது ஐந்து மாதம்! அதுவும் ஒரு பக்கத்துச் சேனையில் ஒரு பகுதிதான்.

வர்ணத்தையும் இஷ்டப்படி பூசிவிட முடியாது. வாட்டர்லூப் போரில் வெலிங்டன் பக்கம் நின்ற ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பட்டாளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் சிவப்புச் சட்டைதான். ஆனால் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் 42-வது பட்டாளத்துக்கு நீலம். 79-வது பட்டாளத்துக்குக் கரும்பச்சை. 92-வது பட்டாளத்துக்கு மஞ்சள். மாற்றிப் பூசிவிட்டால் பக்கத்தில் இருக்கும் நண்பர் சும்மா விடமாட்டார். இப்படிக் குற்றம் கண்டுபிடிப்பவர்களுக்குப் 'பொத்தான் எண்ணுகிறவர்கள்' என்று இவர்களுக்குள்ளேயே ஒரு கேலிப்பெயர் உண்டு. அந்தக் கேலிக்கு ஆளாகாதவர்கள் குறைவு. ஒரு சட்டையின் நிறத்துக்காகப் புத்தகசாலைக்குப் போனவர், அந்தச் சட்டையைப் போட்டவன் யார், எந்த ஊர், அன்றைக்கு என்ன ஆனான் என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் திரும்பி வருகிறார்.

நம்முடைய நாட்டுச் சண்டைகளும் இந்த மேஜைகளுக்கு வந்திருக்கின்றன. 1757-ல் நடந்த பிளாசி, 1799-ல் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணம், 1803-ல் வெலிங்டன் மராத்தியரோடு மோதிய அசாயே ஆகியவற்றை ஆடுகிறார்கள். திப்பு சுல்தானின் புலிவரிச் சட்டைச் சிப்பாய்களும் ஓர் அங்குல உருவத்தில் விலைக்குக் கிடைக்கிறார்கள். அந்தப் புலிவரியை ஒவ்வொன்றாகத் தீட்டுகிறவரின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்!

சேனாதிபதியின் சங்கடம்

ஆட்டத்தின் சட்டம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். அடிப்படை ஒன்றுதான். ஒரு பொம்மை நிஜச் சிப்பாய்கள் பலருக்குச் சமம். காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலம் நகரலாம். குதிரைப்படை இன்னும் அதிகம். துப்பாக்கி இத்தனை அங்குலம் எட்டும். பீரங்கி அதற்கு மேல். சுட்ட குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். அடி வாங்கிய படை நின்று தாங்குமா, புறமுதுகு காட்டுமா என்பதையும் பகடையே சொல்லும்.

2009-ல் இங்கிலாந்தில் வெளிவந்த 'பிளாக் பவுடர்' என்ற விதிப்புத்தகத்தில் ஒரு சுவையான நிபந்தனை இருக்கிறது. தளபதி தம் உத்தரவை முதலில் எல்லோரும் கேட்க உரக்கச் சொல்லிவிட வேண்டும். "இந்தப் படை மேட்டின்மேல் ஏறி வலது புறம் திரும்பி நிற்கட்டும்" என்று சொன்ன பிறகே இரண்டு பகடைகளை உருட்டலாம். எண் அதிகமாக விழுந்துவிட்டால் படை அசையாது. உத்தரவு போய்ச் சேரவில்லை. அல்லது சேர்ந்தும் புரியவில்லை. தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"இது என்ன அநியாயம்?" என்று புதிதாக ஆடுகிறவர் கேட்பார். அநியாயம்தான். ஆனால் நிஜ யுத்தம் அப்படித்தான் இருந்தது. வாட்டர்லூவில் லா ஹே செயின்ட் என்ற பண்ணை வீட்டைக் காத்து நின்ற வீரர்களுக்கு மாலையில் துப்பாக்கி ரவை தீர்ந்துவிட்டது. கேட்டுக் கேட்டுப் பார்த்தும் வரவில்லை, பண்ணை பறிபோயிற்று. புத்தகத்தில் படிக்கும்போது "ஏன் அனுப்பவில்லை?" என்று கோபம் வரும். தாமே மேஜையருகில் நின்று, ஒரே சமயத்தில் ஆறு இடத்தில் தீப்பிடிப்பதைப் பார்த்தவருக்குத்தான் அது ஏன் மறந்துபோயிற்று என்பது விளங்கும்.

சதுரங்கத்தின் பேரன்

இந்த விளையாட்டின் வம்சாவளியைத் தேடிப் போனால் நம் வாசலில் வந்து நிற்கும். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைச் சேனையின் பெயர்தானே சதுரங்கம்? இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன அந்த ஆட்டத்தை 1780-ல் பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் என்ற ஜெர்மானிய ஆசிரியர் விரிவாக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் காடு, ஆறு, சதுப்பு என்று ஒரு நிறம்.

கட்டங்களையே தூக்கி எறிந்தவர் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் பிரபு. நிஜ நிலத்தில் கட்டம் ஏது? 1812-ல் அவர் மேடுபள்ளங்களோடு கூடிய ஒரு பெரிய மேஜையைச் செய்து பிரஷ்ய மன்னருக்குக் காணிக்கையாக்கினார். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த அவருடைய மகன், தகப்பனாரின் ஆட்டத்தைத் தேச வரைபடத்தின்மேல் ஆடும்படி திருத்தி, பகடையும் நடுவரும் சேர்த்து, 1824-ல் புத்தகமாகப் போட்டார். பிரஷ்யச் சேனையின் தலைமை அதிகாரி மஃப்ளிங் அசட்டையாகத்தான் பார்க்க உட்கார்ந்தார். ஆட்டம் முடிவதற்குள் அவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இது விளையாட்டு அல்ல, போர்ப்பயிற்சி என்று மெச்சி, பட்டாளங்களெல்லாம் இதைப் பழக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

பெயர் நிலைத்தது, பெயர் வாங்கியவர் நிலைக்கவில்லை. இளைய ரைஸ்விட்ஸ் தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றப்பட்டார். மனமுடைந்து 1827-ல் தற்கொலை செய்துகொண்டார். 1866-லும் 1870-லும் பிரஷ்யா பெற்ற வெற்றிகளைக் கண்டு மற்ற நாடுகள் அந்த ஆட்டத்தைக் காப்பியடித்தபோது, அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

காணாமற்போன பிரஷ்யர்கள்

லண்டனில் செல்ஸி பகுதியிலுள்ள தேசிய ராணுவப் பொருட்காட்சிசாலையில் வாட்டர்லூப் போர்க்களத்தின் மாதிரி ஒன்று இருக்கிறது. வில்லியம் ஸைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி செய்தது. விரற்கடைக்கும் சிறிய தகரச் சிப்பாய்கள் சுமார் 75,000 பேர் அதில் நிற்கிறார்கள்!

1830-ல் ராணுவத் தலைமை ஸைபோர்னிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. அவர் போர்க்களத்துக்கே போய், முன்னே சொன்ன அந்த லா ஹே செயின்ட் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு எது பள்ளம் எது, வயலில் அன்று என்ன விளைந்திருந்தது என்றெல்லாம் அளந்து எழுதினார். பிறகு, போரில் கலந்துகொண்ட அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டார். "மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படை எங்கே நின்றது? எதிரே யார் இருந்தார்கள்?" என்பது கேள்வி. நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்து குவிந்தன.

வந்தது வினை! பதில்களையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் புளூக்கரின் பிரஷ்யச் சேனை நெப்போலியனின் பக்கவாட்டில் பலமாகப் பாய்ந்திருந்தது தெரிந்தது. வெற்றியில் பிரஷ்யருக்குப் பெரும் பங்கு உண்டு என்று அந்த மாதிரி பேசாமல் பேசியது. வெலிங்டன் பிரபுவின் வட்டாரத்துக்கு அது பிடிக்குமா? சர்க்கார் பணமும் இதற்கிடையில் நின்றுவிட்டது. ஸைபோர்ன் கடன் வாங்கி வேலையை முடித்து, 1838-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஆனாலும் கடன் அடையவில்லை. முடிவில், நெருக்கடி தாங்காமல் பிரஷ்யப் பொம்மைகளில் பெருந்தொகையை அவர் களத்திலிருந்து எடுத்துவிட்டார். 1849-ல் காலமானார்.

பொம்மைகளைப் பெயர்த்துவிடலாம். கடிதங்களைப் பெயர்க்க முடியவில்லை. 1891-ல் அவருடைய மகன் அவற்றில் ஒரு பகுதியை அச்சிட்டு வெளியிட்டார். இன்றைக்கு மேஜைமேல் வாட்டர்லூ ஆடுகிற எவரும் பிரஷ்யர்கள் எப்போது வருவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஆடுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஆடினால் ஆட்டம் வேறு மாதிரி முடிகிறது.

இரண்டு பிள்ளைகள்

படைகளும் பிரபுக்களும் ஆடிய ஆட்டம் வீட்டுக்கூடத்துக்கு எப்படி வந்தது? பொம்மைச் சிப்பாய் மலிவானதுதான் காரணம். 1893-ல் வில்லியம் பிரிட்டன் கம்பெனியார் உள்ளே கூடாக இருக்கும்படி ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டார்கள். எடை குறைந்தது; விலையும் குறைந்தது.

அதற்கு முன்பே ஒரு சீமான் வீட்டுப் பிள்ளையிடம் ஏறக்குறைய 1,500 சிப்பாய்கள் இருந்தார்கள். ஒருநாள் தகப்பனார் அறைக்குள் வந்தார். அணிவகுப்பை இருபது நிமிஷம் கூர்ந்து பார்த்தார். "ராணுவத்தில் சேர விருப்பமா?" என்று கேட்டார். தம்முடைய யுத்த மேதையைத் தகப்பனார் கண்டுகொண்டார் என்று பிள்ளைக்கு ஒரே பூரிப்பு, உடனே சம்மதித்துவிட்டான். 'இவன் வக்கீலுக்குப் படிக்க லாயக்கில்லை' என்று தகப்பனார் நினைத்ததுதான் காரணம் என்பது பின்னால்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை வின்ஸ்டன் சர்ச்சில்!

இன்னொருவர் வயது வந்த பிள்ளை. விஞ்ஞானக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ். மரக்குண்டு சுடும் பொம்மைப் பீரங்கி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் ஒருவர் அதை எடுத்து ஒரு சிப்பாயைக் குறிபார்த்துத் தள்ளினார். "என்னால் முடியுமா, உன்னால் முடியுமா?" என்று போட்டி பிறந்தது, போட்டியிலிருந்து விதிகள் பிறந்தன. 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் பிறந்தது. வெல்ஸின் ஆட்டத்தில் பகடையே கிடையாது. மரக்குண்டு பட்டுப் பொம்மை நிஜமாகவே விழ வேண்டும். பெரிய மனிதர்கள் தரையில் குப்புறப் படுத்துக் குறிபார்த்தார்கள்.

அந்தப் புத்தகத்தின் முடிவில் வெல்ஸ் விளையாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறார். இந்தச் சின்ன யுத்தத்தை மூன்று நாலு தடவை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரிய யுத்தம் எவ்வளவு மூடத்தனமானது என்பது புரிந்துவிடும் என்பது அவர் வாதம். தினவெடுத்த மன்னர்களையும் போர் வெறியர்களையும் ஓர் அறையில் விட்டு, வேண்டிய பொம்மைகளைக் கொடுத்துவிட்டால் உலகம் நிம்மதியாக இருக்கும் என்பது அவருடைய யோசனை.

மறு வருஷம், 1914-ல், முதல் உலகப் போர் மூண்டது. போர்த்திட்டம் வகுத்த ஜெர்மானிய தளபதிகள் ரைஸ்விட்ஸின் ஆட்டத்தில் பழகியவர்கள். வெல்ஸுக்குச் சமாதானம் கற்பித்த அதே மேஜை, அவர்களுக்கு வேறு பாடம் கற்பித்திருந்தது.

ஒரே வருஷம், இரண்டு ஆட்டம்

மேஜை எதையும் தானாகக் கற்பிப்பதில்லை. அது சொல்வதைக் கேட்கிறவன் வேண்டும். இதற்கு 1942-ம் ஆண்டைப் போல் சாட்சி கிடையாது. அந்த வருஷம் இரண்டு இடங்களில் இந்த ஆட்டத்தைக் கப்பல்களை வைத்து ஆடினார்கள்.

ஓர் இடம் ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ. மிட்வே தீவின்மேல் படையெடுக்கும் திட்டத்தை மே மாத ஆரம்பத்தில் அதன்மேல் ஆடிப் பார்த்தார்கள். அமெரிக்க விமானங்கள் குண்டு போடுகிற கட்டம் வந்தது. பகடை உருண்டது. ஒன்பது குண்டுகள் பட்டு, அக்காகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்று தீர்ப்பு. ஆட்டத்தை நடத்திய அட்மிரல் உகாகி குறுக்கிட்டார். "ஒன்பது வேண்டாம், மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அக்காகி பிழைத்தது. ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில், மூழ்கிய காகாவும் மிதந்து வந்துவிட்டது! அன்றைக்குப் பகடை உருட்டிய ஒக்குமியாவே, பிற்பாடு ஃபுச்சிடாவோடு சேர்ந்து எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். ஜூன் 4-ந் தேதி மிட்வேயில் நிஜக் குண்டுகள் விழுந்தன. அக்காகியும் காகாவும் இன்னும் இரண்டு விமானந்தாங்கிகளும் அழிந்தன. ஜப்பான் தோற்றதற்குக் காரணங்கள் பல. அவர்களுடைய சங்கேதச் செய்திகளை அமெரிக்கர்கள் படித்துவிட்டது ஒரு பெரிய காரணம். ஆனாலும், முன்கூட்டிக் கிடைத்த எச்சரிக்கையைத் திருத்தி எழுதிக்கொண்டார்கள் என்பது மாறாது.

இன்னோர் இடம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ராத்திரியில் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். காச நோயால் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரைத் திரும்ப அழைத்து, இதற்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவருக்கு உதவியாகக் கொடுக்கப்பட்டவர்கள் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். மேல்மாடியில் தரையே கடல். சின்னக் கப்பல்கள், சாக்கட்டிக் கோடுகள். சுற்றிலும் திரை கட்டி, அதில் துளை போட்டு, நிஜக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்படி அதிகாரிகளைப் பார்க்க விட்டார்கள்.

கப்பல் கூட்டத்துக்கு வெளியே நின்று நீர்மூழ்கி சுடுகிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். தரையில் ஆடிப் பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. அது பின்புறமாகக் கூட்டத்துக்கு உள்ளேயே நுழைந்து, சுட்டுவிட்டு, முழுகிக்கொண்டு, கப்பல்கள் தலைக்கு மேலே கடந்து போகும் வரை காத்திருக்கிறது என்பது வெளிப்பட்டது. அதற்கேற்ற எதிர்த் தந்திரம் ஒன்றை வகுத்தார்கள். ஜீன் லெய்ட்லா என்ற பெண் அதற்கு 'ராஸ்பெரி' என்று பெயர் வைத்தாள். ஹிட்லருக்கு வாயால் சத்தமிட்டு ஒழுங்கு காட்டுகிற கேலிப்பெயர் அது! முதல் உலகப் போரில் நீர்மூழ்கித் தளபதியாகப் பேர் வாங்கிய அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டனும் ஒருநாள் வந்து நீர்மூழ்கி பக்கம் ஆடினார். எதிரே ஜேனட் ஓக்கெல் என்ற இளம் பெண். அட்மிரல் தோற்றார். 'மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அந்தத் தரையில் பாடம் படித்த அதிகாரிகள் ஆயிரக்கணக்கானோர் கடலுக்குப் போனார்கள்.

யுத்தம் கண்டவர்கள் ஆடிய ஆட்டம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த விளையாட்டு பரவியது. 1959-ல் ஏர்பிக்ஸ் கம்பெனி சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக வெளியிட்டது. கைச்செலவுக் காசில் ஒரு பையன் ஒரு பட்டாளத்தையே வாங்க முடிந்தது. 1962-ல் டொனால்டு பெதர்ஸ்டோன் என்பவர் 'வார் கேம்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். இன்று ஆடுகிற மூத்தவர்களில் பலருக்கு அதுதான் அரிச்சுவடி.

பெதர்ஸ்டோன் யார் தெரியுமா? யுத்தத்தில் டாங்கிப் படையில் இருந்தவர். யுத்தம் முடிந்து, அடிபட்ட கைகால்களுக்குச் சிகிச்சை செய்து பிழைத்தவர். 2013-ல் 95-வது வயதில் காலமானார். 1967-ல் இதே விஷயம்பற்றி இன்னொரு புகழ்பெற்ற நூலைச் சேர்ந்து எழுதிய பீட்டர் யங், கமாண்டோ படையில் வீரப் பதக்கங்கள் பெற்ற பிரிகேடியர். யுத்தத்தை நேரில் கண்டவர்களுக்கு யுத்த விளையாட்டில் ஏன் ஆசை?

'யுத்தத்தைப் பெருமைப்படுத்துகிறார்கள்' என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. சமீப காலத்துப் போர்களை மேஜைக்குக் கொண்டுவர மாட்டோம் என்று விலகி நிற்கும் ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அபாயம் பொம்மையில் இல்லை. பொம்மையை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பதில் இருக்கிறது. 'ஒன்பதை மூன்றாக்கு' என்று உகாகியால் சொல்ல முடிந்தது. ஐந்து மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு முகத்துக்கும் கண் வைத்தவருக்கு அப்படிச் சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வருமா?

நாட்டிங்காம் நகரத்தில் ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி என்று இரட்டையர்கள் இருக்கிறார்கள். இந்தச் சிப்பாய்களுக்கு மூல உருவம் செய்வதில் உலகப் பெயர் பெற்றவர்கள். 1996-ல் பிரான்ஸில் பழங்காலப் போர்க்காட்சி ஒன்றை நடித்துக் காட்டியபோது பீரங்கி விபத்தில் மைக்கேல் தம் வலது கையை இழந்தார். வெடிமருந்து விளையாட்டு அறியாது. அவர் இடது கையைப் பழக்கிக்கொண்டு, அதே நுணுக்கத்தோடு மறுபடி சிப்பாய்களைச் செய்ய ஆரம்பித்தார். இந்தத் தொழிலில் ஊறியவர்களிடம் இருப்பது யுத்த வெறியா, வேறு ஏதாவதா என்பதற்கு அவர் வாழ்க்கையும் ஒரு விடை.

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு வாட்டர்லூ நடந்தது. பல ஊர்க்காரர்கள் தீட்டிக் கொண்டுவந்த சிப்பாய்கள் 20,000-க்கும் மேல் அணிவகுத்தார்கள். எதற்காக? முன்னாள் படைவீரர்களின் உதவி நிதிக்காக. காகிதத்தில் எழுத்தை அச்சடிப்பதுபோல் உருவத்தையே அச்சடித்துத் தரும் இயந்திரம் இன்று வீடுகளுக்கு வந்துவிட்டது. வேண்டிய சிப்பாயை ராத்திரியில் செய்து வைத்துவிட்டுத் தூங்கலாம். ஆனால் கண் வைக்க இன்னமும் மனிதன்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்தச் சிற்றூர்க் கூடத்துக்குத் திரும்புவோம். மணி எட்டாகிவிட்டது. உபாத்தியாயரின் நெப்போலியன் இந்தத் தடவையும் தோற்றுவிட்டார். கைகுலுக்கிக் கொள்கிறார்கள். விழுந்து கிடந்த சிப்பாய்களை ஒவ்வொருவராக எடுத்து, துப்பாக்கி முனை வளைந்திருக்கிறதா, வர்ணம் உதிர்ந்திருக்கிறதா என்று விளக்கில் பார்த்து, பஞ்சு பரப்பிய பெட்டியில் அடுக்குகிறார்கள். ஒரு சிப்பாயின் தொப்பியில் கொஞ்சம் சிவப்பு உதிர்ந்திருக்கிறது. "நாளைக்குச் சரி பண்ணிவிடுகிறேன்" என்று அதைத் தனியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார் உபாத்தியாயர்.

1815-ம் வருஷத்து அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நிஜ வாட்டர்லூவில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தும் காயப்பட்டும் கிடந்தார்கள். அவர்களைப் பஞ்சுப் பெட்டியில் எடுத்து வைக்க ஒருவரும் வரவில்லை.